சேலை வேலிக்குள் ஒரு தூங்கும் கேமரா

எனக்குச் சாதாரணக் கேமரா என்றாலே எரிச்சல். ஒன்றுமே நடக்காத இடத்தையும் விடாமல் படம் பிடித்து, அத்தனையையும் கணக்குப் போட்டு, பேட்டரியைத் தின்று தீர்க்கும். முட்டாள் வேலை.

நாங்கள் ஆய்வகத்தில் செய்தது வேறு. மூளையைப் பார்த்துச் செய்தது. ஒரு புள்ளியில் வெளிச்சம் மாறினால்தான் அந்தப் புள்ளி துடிக்கும். துடிப்புகள் போதுமான அளவு சேர்ந்தால்தான் உள்ளே இருக்கும் நியூரான் அடுத்ததை எழுப்பும். மற்ற நேரம் தூக்கம். கையகல சோலார் தகடு போதும்.

நரிக்குடிப் பக்கம் அண்ணனின் மக்காச்சோளக் காட்டில் அதை மாட்டினேன். கதிர் பால் பிடித்திருந்தது. காட்டுப்பன்றிகள் ஒருமுறை புகுந்தால் வெள்ளாமை போச்சு. பன்றி தெரிந்தால் ஒலிபெருக்கி வெடிச் சத்தம் போடும்.

மறுநாளே பேட்டரி செத்துக் கிடந்தது.

“தூங்குற கேமரான்னு சொன்ன. நெசமாவே தூங்கிருச்சே, ஏத்தா,” என்றார் மதினி.

கோபத்தோடு வரப்பில் உட்கார்ந்தேன். பன்றி மிரள, காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் எல்லோரும் கட்டுவதுதான். காற்றில் அத்தனையும் படபடத்தன. ஒவ்வொரு படபடப்பும் கேமராவுக்கு ஒரு மாற்றம். அது எங்கே தூங்கும்? இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தோன்றவில்லையே!

“கேமரா பாக்குற மேற்குப் பக்கத்தை மட்டும் அவுத்துருவோம் மதினி.”

“பன்னி வார பக்கமே அதுதான். வெத்தலை பாக்கும் வச்சுருவோமா?”

“அவுத்து விடு. காடு போச்சுன்னா இவளையே பொம்மையா நட்டுருவோம்,” என்றார் அண்ணன்.

அவிழ்த்தபோது ஒரு சேலையைப் பார்த்துத் திகைத்தேன். என் முதல் சம்பளத்தில் மதினிக்கு எடுத்தது.

“இதையுமா?”

“அந்தக் கலருக்குப் பயந்துதான் இம்புட்டு நாளா பன்னி வரலை.”

பகல் வெயிலில் பேட்டரி மறுபடி ஏறியது. மறுநாள் விடியற்காலையில் மூவரும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றோம். கருவேலம் புதரிலிருந்து தாய்ப்பன்றி குட்டிகளோடு வந்தது. திறந்த பக்கம் நேராக வந்தது. கேமரா விழித்தால் துடிக்கும் விளக்கு எரியவில்லை. அண்ணன் கல்லை எடுத்தார்.

விளக்கு துடித்தது. டமார்!

பன்றி திரும்பி ஓடியது. குட்டிகள் உருண்டு புரண்டு பின்னால் ஓடின. அண்ணன் பதறி வாய்க்காலில் விழுந்தார். மதினியும் நானும் கைகோர்த்துப் பைத்தியம் போலக் குதித்தோம். பேட்டரியைப் பார்த்தேன். கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. இன்னொரு முறை குதித்தேன்.

“மத்த பக்கச் சேலையையும் அவுத்துருவமா?” என்றார் மதினி மூச்சு வாங்க.

“இருக்கிறது ஒரே கேமரா மதினி.”

“அப்ப இன்னும் மூணு கொண்டா. நீ சேலை எடுக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை.”