காலைப் பத்து மணித் தெளிவு

சிலமலைக் கிராமத்து அன்னக்கொடி தன் தம்பிகள் இருவரையும் ஆளாகவே மதித்ததில்லை. மூத்தவன் சோலைமலை, போடி ஏலக்காய்க் கடை வாசல்களில் வெற்றிலை மென்றே வயிறு வளர்த்தவன். இளையவன் கன்னையன் குடிகாரன். புருஷனை இழந்து திரும்பி வந்த அவள்தான் அப்பன் மொக்கச்சாமிக்கு ஏழு வருஷமாகச் சோறு பொங்கி, வேட்டி துவைத்தாள்.

கிழவருக்கு மறதி பிடித்தது. அதற்கும் ஒரு நேரம் இருந்தது. காலையில் மலைத்தோட்டத்து எல்லைக்கல் வரை சரியாகச் சொல்வார். பொழுது சாய்ந்தால் மகளையே, "யாரு ஆத்தா நீ?" என்பார்.

1981இல் ஒரு சாயங்காலம், எழுதிய உயிலும் மைப்பெட்டியுமாக வந்து நின்றான் சோலைமலை.

"அப்பு கைநாட்டு வச்சாப் போதும்க்கா. வெரசா முடிஞ்சிரும்."

"கழுகு கூடச் செத்த பிறகுதாண்டா வரும். அவரு மனசுல என்ன இருக்குன்னு காலையில கேப்போம். போ."

மறுநாள் முதல் பஸ்சில் அப்பனைப் போடிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரிடம் காட்டி, புத்தி தெளிவாக இருக்கிறது என்று சீட்டு வாங்கினாள். பத்து மணிக்குப் பதிவு ஆபீசில் அதிகாரி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கிழவரிடம் கேட்டார். கதவோரம் நின்ற அன்னக்கொடிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பிள்ளைகள் மூன்று. கீழே நஞ்சை ஒன்றரை ஏக்கர், மலையில் ஏலம் நாலு ஏக்கர். எதிலும் பிசகில்லை.

"எனக்குப் பின்னால எல்லாம் சோலைமலைக்குங்க. சின்னவன் குடிச்சே அழிச்சிருவான். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மலை?"

புத்தி தெளிவாக இருந்தால் நியாயமும் தெளிவாக இருக்கும் என்று நம்பிய தன்னைத்தான் அவளுக்கு முதலில் காறித் துப்பத் தோன்றியது. உயில் அப்படியே பதிவானது. திரும்பும் பஸ்சில் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

மூன்று வருஷத்தில் கிழவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கன்னையன் வந்தான்.

"அப்புக்குப் புத்தி பேதலிச்சிருந்துச்சுன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லுக்கா. உயிலு செல்லாமப் போயிரும். ஒனக்கும் பங்கு வரும்."

"தெளிஞ்ச புத்தியோடதாண்டா எனக்கு ஒண்ணுமில்லேன்னாரு. பைத்தியம்னு சொல்லி அவரைத் தப்பிக்க விடமாட்டேன்."

கோர்ட்டிலும் அதையே சொன்னாள். வழக்கு தள்ளுபடியானது. அக்கா தன் பக்கம் என்று நினைத்த சோலைமலை இளித்துக்கொண்டு வந்தான்.

"தோட்டத்துக்கு வந்து காய் எடுக்கா. கஞ்சி ஊத்துறேன்."

அடுத்த வாரம் வேலையாட்களோடு ஜீப்பில் மலையேறி, அவன் தோட்டத்தைத் தாண்டி, வேறொருவர் எஸ்டேட்டில் கூலிக்குச் சேர்ந்தாள்.