விழச் சொன்னார்கள், சித்தப்பா விழவில்லை

பிள்ளைகளா, என் தம்பி, உங்கள் சித்தப்பாவுக்கு முச்சந்தியில் வைத்திருந்த அஞ்சலி பேனரை நம்பாதீர்கள். "தோல்வியே காணாத குத்துச்சண்டைச் சிங்கம்" என்று அதில் போட்டிருந்தது. போட்டவர் உங்கள் தாய்மாமா. சித்தப்பா இருந்தவரை, அடி வாங்கிப் பிழைக்கிறவன் என்று ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து சிரித்தவரும் அவர்தான்.

இந்த நினைவு மலரிலும் அப்படியே எழுதச் சொன்னார். "தோத்தான்னு எழுதுனா நமக்குத்தான அசிங்கம் மாப்ளே?" என்றார். அசிங்கம் எதுவென்று நான் சொல்கிறேன்.

சித்தப்பா ராசிங்காபுரத்தில் பிறந்தவர். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் மூட்டை தூக்கினார். மதுரையில் குத்துச்சண்டை பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்டார். வென்றது கொஞ்சம், தோற்றது அதிகம். கடைசியாகத் துபாயில் அயர்லாந்துக்காரர் ஒருவரோடு சண்டை. வளர்ந்து வந்த அந்த வீரருக்குச் சுலபமாக ஒரு வெற்றி வேண்டுமென்று, இரண்டாவது ரவுண்டில் விழுந்துவிடச் சொன்னான் சண்டை பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட். மோதிரம் மாட்டிய அவன் கை ஒரு குத்துக்கூட விட்டிருக்காது.

சித்தப்பா என்னிடம் போனில் சொன்னார்: "அடி வாங்கத்தாண்ணே வந்தேன். படுக்க வரலை."

கடைசி மணி வரை நின்றார். தோற்றார். இந்தப் பேரம் எதுவும் தெரியாத அயர்லாந்துக்காரர், சண்டை முடிந்ததும் அறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். சித்தப்பா பையிலிருந்த ஏலக்காயை நீட்ட, தோலோடு மென்று முழித்தாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் சித்தப்பா சிரிப்பார். ஏஜெண்ட் பிறகு கூப்பிடவே இல்லை. சித்தப்பா மலைக்கே திரும்பி ஜீப்பு ஓட்டப் போனார். போன மழையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழவில்லை.

அன்றைக்காவது சும்மா விட்டார்களா? கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு முன்பே, போட்டோவுக்காகக் கைகளில் கிளவுசை மாட்டிவிட்டார் உங்கள் மாமா. இனி எப்படிக் கட்டுவதென்று கூட்டமே விழித்தது. நான் அதைக் கழற்றி வீசினேன். கிளவுசு மாட்டுமுன் சித்தப்பா கையில் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டைகள் இரண்டில் ஒன்றைக் கிழித்து விரல்களைக் கட்டினேன்.

மலையிலிருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு இறக்கிவந்த ஜீப்புக்காரர்களுக்கும், கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்ட எஸ்டேட் பெண்களுக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பேனர் வைத்தவர்களுக்கு என்னிடம் நன்றி கிடையாது.

கருமாதி முடிந்து எல்லாரும் போனபின், மிஞ்சிய பட்டையை எடுத்தேன். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவரே துவைத்துக்கொள்வார். சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைத்து, அவர் செய்வதுபோலவே சுருக்கமில்லாமல் இறுக்கிச் சுருட்டி வைத்தேன்.