பதினான்கு திருத்தங்கள்

ஒரு நாவல் திருத்தத்துக்கு வந்தால், படிக்கத் தொடங்கும் முன்பே புது நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு பக்கம். வயது, மச்சம், எந்தக் கையில் கடிகாரம், காப்பிக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்று படிக்கப் படிக்கக் குறித்துக்கொண்டே போவேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை என் நாவல். எட்டரைக்கு மேல் பிறருடைய நாவல்கள். பதிப்பகங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன, நான் திருத்தி அனுப்புகிறேன்.

என் நாவலை மட்டும் நான் திருத்துவதில்லை. வேறொருவரிடம் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டுவேன்: 'தப்பு என்று தெரிவதைத் திருத்தும் முன் என்னைக் கேட்கவும்.' இதைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் என்று நினைத்தவர்களும் உண்டு. காரணம் வேறு. அது எனக்குப் பதினொரு வயதில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் நடந்தது.

அப்போது எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, ஒரே பிள்ளையான நான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சித்தி வீட்டிலிருந்தபடியே பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் ஒன்றுக்குக் கதைப் புத்தகங்களின் புரூஃப் பார்த்துக் கொடுத்தார். சாப்பாட்டு மேசைதான் அவருடைய அலுவலகம். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். கமா, புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "என்னை மறந்துவிடு கமா நான் போகிறேன் புள்ளி" என்று நான் படிக்க, சமையலறையில் அம்மா சிரிப்பார்.

நோட்டுப் புத்தகப் பழக்கமும் சித்தியுடையதுதான். "கதையில என்ன வேணா நடக்கலாம் லா. கடல் பத்தி எரியலாம். ஆனா ஆள் மாறக்கூடாது" என்பார். மூன்றாம் அத்தியாயத்தில் இடது கன்னத்தில் இருந்த மச்சம் பத்தாம் அத்தியாயத்தில் வலது பக்கம் போய்விட்டதை ஒருமுறை நான் கண்டுபிடித்தேன். அன்று முதல் என்னைப் பற்றி எனக்கு மிகவும் உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

பிறர் கதைகளுக்கு இடையில் சித்தி தமக்கும் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் எழுதினார். கடைசியில் அதே அச்சகம் அதைப் போட ஒப்புக்கொண்டது. புரூஃப் வந்த வாரம் பார்த்து சித்திக்குக் கண் நோய். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கிள்ளானுக்கு வரும் அச்சக வேனில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"நீயே பாரு. எழுதுனவ கண்ணுக்கு எப்படியும் தப்பு தெரியாது. தாளை மட்டும் பார்த்தாப் போதும்" என்றார். பிரதியோடு ஒப்பிட நேரமில்லை.

புது நோட்டு எடுத்தேன். சிவப்புப் பேனா எடுத்தேன். கதையில் ஒரு பெண் இருந்தாள். ஈப்போவில் குடியிருந்தாள். இடது முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. எங்கே போனாலும் ஒரு பச்சைக் குடை. ஒரு கம்பி முறிந்து கறுப்பு நூலால் கட்டியிருக்கும். ஒரு நாள் காலை, கணவன் வேலைக்குப் போன பிறகு, தன் குழந்தையை அடுத்த வீட்டு ஆன்டியிடம் விட்டுவிட்டு, அலமாரிமேல் இருந்த பெட்டியில் நான்கு புடவைகளை வைத்துக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குப் பஸ் ஏறுகிறாள். பதினொரு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் விடுதியில் நிற்கிறாள். அங்கே நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுக்கிறார்கள். பெயரை எழுதுகிறாள், ஊரை எழுதுகிறாள். 'எத்தனை நாள் தங்குவீர்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. வெகு நேரம் கழித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து உலை வைக்கிறாள். கணவனுக்குக் கடைசி வரை எதுவும் தெரிவதில்லை.

எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே விளங்கிவிட்டது. தழும்பும் குடையும் அம்மாவுடையவை. எழுதுகிறவர்கள் வீட்டிலிருப்பதை எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான்கு வருடம் எழுதிய அவசரத்தில் சித்தி எல்லாவற்றையும் தப்பாகப் போட்டிருந்தார். அம்மாவுக்குத் தழும்பு வலது கையில். குடை பழுப்பு நிறம். அந்தக் காலத்தில் ஈப்போவிலிருந்து ஒன்பதே முக்காலுக்குப் பஸ் ஏறினால் பதினொரு மணிக்குக் கோலாலம்பூர் வந்து சேரவே முடியாது. அப்பாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். கிள்ளானிலிருந்து என்றால் நேரம் சரியாக வந்தது.

கை, நான்கு இடம். குடை, மூன்று இடம். ஊர், ஏழு இடம். ஒன்றையும் விடவில்லை.

"தப்பு இருந்துச்சா?" என்று சித்தி துணிக்கு அடியிலிருந்து கேட்டார்.

"இருந்துச்சு சித்தி. பதினாலு. எல்லாம் திருத்திட்டேன்."

"கெட்டிக்காரி" என்றார்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை புத்தகப் பார்சல் வந்தது. சித்தி கட்டைப் பிரித்து, ஒரு பிரதியை முகர்ந்து பார்த்துவிட்டு நடுவில் திறந்தார். சற்று நேரத்தில் முன்பக்கம் புரட்டினார். பிறகு கடைசிப் பக்கம். நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

"கிள்ளான்னு யாரு போட்டா?"

"நான்தான். நேரம் இடிச்சது சித்தி."

அவர் என்னைத் திட்டவில்லை. பார்சலைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் தினமும் கூட்டுகிறவர் அம்மா என்பது அவருக்கு நினைவில் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் மழை பெய்தது. கொடியில் துணி நனைந்துகொண்டிருந்தது. "அம்மா, துணி" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அம்மா சித்தியின் கட்டிலில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார். சித்தி கதவருகே நின்றிருந்தார். இருவருமே துணிக்காக அசையவில்லை.

"யாருக்கும் தெரியாத மாதிரி மாத்தி எழுதுறேன்னுதானடி சொன்ன" என்றார் அம்மா.

"மாத்தித்தான்கா எழுதுனேன்."

சித்தி என்னைப் பார்த்தார். "நான்தான்மா சரி பண்ணேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அம்மா தம் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அது நான்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கை இருக்கு, கொடை இருக்கு."

"மத்ததெல்லாம்?"

"மத்தது கதைதானேம்மா."

அம்மா புத்தகத்தை மூடினார். "ஆமா. மத்தது கதைதான்" என்றார் பிறகு.

மறுநாள் ஞாயிறு, அப்பாவுக்கு ஓய்வு நாள். காலைத் தேநீரோடு அம்மா அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அக்கா, வேணாம் லா" என்றார் சித்தி மெதுவாக.

"இந்த ஊர்ல வேற யாராவது படிச்சி இவர்கிட்ட வந்து சொல்றதுக்கு, இவரே படிக்கட்டும்" என்று சித்தியிடம் முணுமுணுத்துவிட்டு, அப்பாவிடம் உரக்கச் சொன்னார்: "உங்க கொழுந்தியா எழுதுன புக்கு. படிச்சிப் பாருங்க."

அப்பா எதையும் விரல் வைத்து வரி வரியாகப் படிப்பவர். நாளிதழ் என்றால் மரண அறிவித்தலையும் விடமாட்டார். ஒன்பது மணிக்குத் தொடங்கினார். சித்தி தம் அறைக்குப் போய், காப்பாரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போவதுபோல ஒரு பையில் துணி அடுக்கினார். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கினார். ஒரு கல்யாண வீட்டுக்குப் போதும் அளவுக்கு நறுக்கினார். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். புத்தகத்தில் ஒரு தப்பும் இருக்காது என்று எனக்கு நானே பந்தயம் கட்டியிருந்தேன்.

மூன்று மணிக்கு அப்பா புத்தகத்தை மூடினார். அம்மா சமையலறை வாசலுக்கு வந்தார். சித்தியும் வந்து நின்றார்.

"நல்லா எழுதியிருக்கம்மா" என்றார் அப்பா சித்தியிடம். "ஒரு எடத்துலதான் தப்பு."

நான் எட்டிப் பார்த்தேன். "எந்தப் பக்கம்பா?"

"கடைசில. அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்து பார்க்குது. புருஷன் மறந்துட்டுப் போன டிபன் மேசை மேலயே இருக்கு. சரி, மத்தியானம் அவன் வரலன்னு நெனச்சிக்குது. அது தப்பு. அவன் வந்தான்."

அப்பா மூடிய புத்தகத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"டிபன எடுக்கத்தான் வந்தான். வீடு பூட்டியிருந்துச்சு. தொறந்து உள்ள போனா அலமாரி மேல பெட்டி இல்ல. வெளிய கொடியில காலையில போட்ட துணி அப்படியே தொங்குது. அடுத்த வீட்ல குழந்த சிரிக்கிற சத்தம் கேக்குது." இதைச் சொல்லும்போது என் தலையில் கை வைத்தார். என் வேலையில் குறை சொன்னதற்காகச் சமாதானம் செய்கிறார் என்று நினைத்தேன். "டிபன எடுத்தா, வந்தது அவளுக்குத் தெரிஞ்சிடும். அதான் தொடாமயே பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டான். சாயங்காலம் நேரா வீட்டுக்கு வரல. மோட்டார் சைக்கிள்ல வீட்டைத் தாண்டித் தாண்டிப் போனான். மூணாவது ரவுண்டுலதான் கொடியில துணி இல்ல. அதுக்கப்புறம்தான் வண்டிய உள்ள விட்டான்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மத்தியானம் சாப்பிடவே இல்லையா?"

"அவனுக்குப் பசிக்கல."

"அதான் அன்னிக்கு மூணு தரம் சோறு வாங்குனீங்களா?" என்றார் அம்மா.

அப்பா தேநீர்க் கோப்பையை எடுத்தார். அது காலையிலேயே காலியாகியிருந்தது. அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்றுப் பொறுத்து அப்பாவும் எழுந்து அவர் பின்னாலேயே சமையலறைக்குள் போனார். அவர் அங்கே போவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்குச் செய்ய வேண்டிய வேலை இருந்தது. ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து, 'கணவன்' பக்கத்தில் 'மத்தியானம் வந்தான், டிபனைத் தொடவில்லை, மோட்டாரில் மூன்று ரவுண்டு' என்று எழுதினேன். "சித்தி, அடுத்த பதிப்புல இதையும் சேத்துடலாமா?" என்று கேட்டேன். சித்தியின் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மறுபடி கண் நோய் வந்துவிட்டது, எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து இரண்டடி தள்ளி நின்றேன்.

அடுத்த பதிப்பு வரவில்லை. காப்பாருக்குக் கட்டிய பையைச் சித்தி அன்று மாலையே பிரித்துவிட்டார்.

அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு பக்கம், கணவனுக்கு ஒரு பக்கம், விடுதிக்காரிக்கு ஒரு பக்கம். நான்காவது பக்கத்தில் என் உருண்டைக் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'குழந்தை. ஆண். பதினொரு மாதம். அடுத்த வீட்டு ஆன்டியிடம் விட்டாள்.' சித்தி மாற்றி எழுதியவற்றில் நான் தொடாமல் விட்டது இது ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. அதனால் இந்தப் பையன் முழுக்க முழுக்கக் கற்பனை என்று முடிவு செய்து, பக்கத்தின் அடியில் சிவப்புப் பேனாவால் 'சரி' என்று எழுதி, ஒரு டிக்கும் போட்டிருக்கிறேன்.