ஆள் எடுக்கிற விளையாட்டு

கருவாட்டு மணம் நின்றுபோகும் நாளில்தான் எங்கள் பருவம் தொடங்கும். ஆலங்குடாக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்த மணம் இருக்கும்போது தெரியாது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பெயர்ந்து, கடல் பழுப்பாகிக் கரையை அறையத் தொடங்கியதும் வெளியூர் மீனவர்கள் வலைகளையும் பெண்டு பிள்ளைகளையும் லொறிகளில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள்; மறுநாள் காலையில் மூக்கு திடீரென்று வெறுமையாகிவிடும். அவர்கள் தென்னங்கிடுகால் கட்டிய "வாடி" எனும் குடிசைகள் மட்டும் கடலோரமாக வரிசையில் நிற்கும். காற்றில் கிடுகு கிழிந்து அடிக்கும் சத்தம், உள்ளே ஆட்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருப்பதுபோலவே கேட்கும்.

அந்த வெறும் வாடிகளில்தான் நாங்கள் "ஆள் எடுத்து" விளையாடினோம். எந்த வாடிக்குள் நுழைகிறாயோ அந்த வாடிக்காரன் நீ. அவனுடைய பெயர், அவனுடைய இருமல், பக்கத்து வாடியோடு அவனுக்கிருந்த தகராறு, பெண்சாதியை அவன் கூப்பிடும் விதம் எல்லாம் உன்னுடையவை. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வெளியே வருவதற்கு ஒரே வழி, கடலில் காலை நனைப்பது. "கால் நனைஞ்சா ஆள் கழண்டிரும்" என்பது சட்டம். பின்னாட்களில் மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தனாக எத்தனையோ சுற்றறிக்கைகளை அமுல்படுத்தியிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமாகவும் ஓட்டையில்லாமலும் எழுதப்பட்ட ஒன்றைக் கண்டதில்லை.

என்னை முதன்முதல் சேர்த்துக்கொண்ட சோளகத்தில் எனக்கான ஆளைத் தெரிவு செய்தவர் என் மூத்த சகோதரி பரீதா ராத்தா. எனக்கோ வள்ளச் சொந்தக்காரனாக ஆசை.

"போடா, முதலாளியை எடுத்தா எல்லாரும் உன்னோட சண்டைக்கு வருவாங்க. நீ குசினிக்காரனை எடு. புதுசா வாறவனுக்கு அதுதான் தோது. பசிச்சா தானா தேடி வருவாங்க" என்றார்.

மணலைச் சோறாக்கிப் பரிமாறும் பதவி எனக்குக் கிடைத்தது. ராத்தா தனக்குச் சவிரியான் என்ற வாடிக்காரரை எடுத்துக்கொண்டார். சிலாபத்துப் பக்கத்து மனிதர் அவர். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார். பையன்களையெல்லாம், சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் "மல்லி" என்று கூப்பிடுவார். கிழிந்த வலையைப் பொத்தும்போது நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கண்ணைச் சுருக்குவார். ராத்தா அந்தக் கண்ணைச் சுருக்கினால் நாங்கள் சிரிப்பதில்லை. சிரிக்க முடியாத அளவுக்குச் சரியாக இருக்கும்.

ஒரு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வழக்கம்போல எல்லோரும் கடலுக்கு ஓடிக் காலை நனைத்தோம். ராத்தா வரவில்லை. அலை கொண்டுவந்து போட்ட பாசியும் சிரட்டையும் கோடு கட்டிக் கிடந்த இடத்தில் நின்றுவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வெயிலில் நின்றவரின் கை, கிணற்றுக்குள் விட்டு எடுத்ததுபோலக் குளிர்ந்திருந்தது.

"ஏலா மல்லி," என்றார். "அங்க நிலம் இல்ல. கால் வைக்க நிலம் இல்ல."

ஆட்டம் முடிந்துவிட்டது என்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். தெரியாத ஊரில் தெரியாத பிள்ளையைப் பார்க்கும் பார்வை அது. தென்னந்தோட்டத்து வழியாகச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கடல் தெரிகிற வழியில் அவர் வர மறுத்தார்.

வீட்டில் உம்மா கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "உப்பு," என்றார். எங்கள் கிணறு அந்தப் பகுதியிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. பக்கத்து வீட்டார் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். வாப்பா அதே தண்ணீரைக் குடித்துக் காட்டினார். லெப்பை வந்து ஓதி ஊதிய தண்ணீரும் உப்பாகவே இருந்தது. ராத்தா பெண்களுக்குரிய இடத்தில் உட்காராமல் வாசற்படியில் குந்தியிருந்தார். அவருடைய கைகள் மட்டும் மடியில் இல்லாத வலையைப் பொத்திக்கொண்டிருந்தன.

"வாடிப்பக்கம் இனி ஒருத்தரும் கால் வைக்கப்படாது," என்றார் வாப்பா. ஏற்கெனவே நடந்துவிட்டதற்குத் தடை உத்தரவு பிறப்பிப்பது அரசாங்கத்தின் கண்டுபிடிப்பு அல்ல என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் முந்தலிலிருந்து வந்த பஸ்காரர் மூலம் செய்தி வந்தது. கிழக்குக் கரையில் சவிரியான் வள்ளத்திலிருந்து விழுந்துவிட்டாராம், உடல் கிடைக்கவில்லையாம். ராத்தா கடற்கரையில் நின்ற அதே நாளில் என்று ஊர் சொன்னது. நாளைக் குறித்துவைத்தவர் ஊரில் ஒருவருமில்லை என்பதையும், பஸ்காரர் கேள்விப்பட்டதைத்தான் சொன்னார் என்பதையும் நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் செய்தி வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுத் தண்ணீர் ராத்தாவின் வாயில் உப்பாகிவிட்டது. அதற்கு நானே சாட்சி.

சவிரியானின் மனைவி திரேசா, வாடியில் விட்டுப்போன சட்டிபானைகளை எடுக்க வந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உம்மாவுக்கு வெட்கம், வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைக்குச் சுகமில்ல, பிறகு வாங்க திரேசா."

"நானும் சுகமாவா வந்திருக்கிறன்? விடுங்க," என்று உம்மாவை விலக்கிவிட்டு உள்ளே வந்தார்.

ராத்தாவின் கைகள் இல்லாத வலையைப் பொத்திக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏசத் தொடங்கினார். "எத்தினை தரம் சொன்னன், காத்துக்குள்ள போகாதீங்க எண்டு! கேட்டீங்களா? இப்ப வந்து இந்தக் குமர்ப்பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்க. வெட்கமில்லையா உங்களுக்கு?" பிறகு குரல் இறங்கியது. "எழும்புங்க. பிள்ளைகளை நான் பாப்பன். நீங்க போங்க."

ராத்தா எழுந்தார். திரேசா அவருடைய கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போக, பின்னால் ஊரே போனது. முதல் அலை காலைத் தொட்டதும் ராத்தா, "உம்மா!" என்று தன் சொந்தக் குரலில் கத்தினார். அதற்குப் பிறகு நாங்கள் ஆள் எடுக்கவில்லை. ராத்தாவும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. படித்து, ஹமீது மச்சானைக் கல்யாணம் கட்டி, இங்கிலாந்துக்குப் போய், பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டார்.

மச்சான் கண்ணை மூடி மவுத்தாகிப் போனது சென்ற வருடம். அதன் பிறகு ராத்தா கதைப்பதையே நிறுத்திவிட்டார். தொலைபேசியில் நான் கேட்பதற்கெல்லாம் "ம்" என்பார், "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், மகனிடம் கொடுத்துவிடுவார். சாப்பிடுகிறாரா என்று மகனைக் கேட்டால், "தெரியல மாமா, கதவைப் பூட்டிக்கொள்றாங்க" என்பான். இங்கே ஊரில், தில்லையடியில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய? பென்சன்காரன் செய்யக்கூடியதெல்லாம், சுகம் விசாரித்து, பதில் வராத கோப்பைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதுதான்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு முழு வசனமாக. "தம்பி, பேரன் கம்பியூட்டர்ல விளையாடுறதைப் பாத்தன். உலகத்தில எங்கெங்கயோ ஈக்கிற சனம் ஒரு ஊருக்குள்ள வந்து ஆள் எடுக்குது. நாங்க விளையாடின மாதிரியேதான். உனக்குத்தான் எல்லா முறையும் தெரியுமே, நல்லதா ஒண்டு தெரிஞ்சு சொல்லு. நீயும் வா."

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் கொள்முதல் செய்வதுபோலவே கேள்விமனு கோரி, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்றை நியமித்தேன். தலைவரும் உறுப்பினரும் நானே. புதியவர்களுக்கென்று இணையத்தில் எழுதப்பட்டிருந்த ஆலோசனைகளையெல்லாம் வாசித்தேன். சனம் நிறைந்த உலகமாகப் பார், வழிகாட்டிவிட ஆள் இருக்கும் என்றார்கள். மாதக் கட்டணம் கேட்பவன் நேரே கேட்கிறான், இலவசம் என்பவன்தான் பிறகு வாளுக்கும் குதிரைக்கும் தனித்தனியாகக் கறப்பான் என்றார்கள். முதல் தடவை காயம் ஆற்றும் வேலையை எடுக்காதே, யார் செத்தாலும் பழி உன்மேல் என்றார்கள். முறைப்பாட்டுப் பிரிவில் இருந்த எனக்கு அது புதிதல்ல. என் சொந்தச் செலவில் ஒரு நிபந்தனையையும் சேர்த்தேன்: வெளியேறும் பொத்தான் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தகுதியைப் பற்றி ஒரு நிபுணரும் எழுதியிருக்கவில்லை.

நான் சிபாரிசு செய்த உலகம் கலகலப்பானது. நுழைந்த கொஞ்ச நேரத்துக்குள் இறக்கை முளைத்த ஒருவன் ராத்தாவின் தலைமேல் ஏறிக் குதித்தான். இன்னொருவன் அவரைத் தன் படையில் சேரச் சொல்லி நச்சரித்தான்.

"இது பெருநாள் சந்தை மாதிரி ஈக்கி தம்பி. தலை சுத்துது. சனம் இல்லாத ஊர் ஒண்டும் இல்லையா?"

இருந்தது. மிகப் பழைய விளையாட்டு அது. ஒரு காலத்தில் இலட்சக்கணக்கில் ஆடினார்களாம், இப்போது அதன் சேர்வர் கணினியை யார் எதற்காக ஓட்டுகிறார்கள் என்று தெரியாது. என் மதிப்பீட்டில் கடைசி இடம். எழுதிக்கொடுத்த காரணம், "பயனாளிகள் இல்லை." ராத்தா அதைத்தான் எடுத்தார்.

மறுநாள் பின்னேரம், இங்கிலாந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், நான் உள்ளே போனேன். கல் பாவிய தெருக்கள், ஒவ்வொரு வாசலிலும் எரியும் விளக்கு, அலை அடித்தும் சத்தம் வராத ஒரு கடல். ஒரு மனிதர் இல்லை. வெறும் வீட்டுக்குள் போனாலும் ஸலாம் சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கை பழக்கத்தில் ஸலாத்தைத் தட்டெழுதினேன்.

பதில் ஸலாம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். விளக்கடியில் ஓர் ஆண் நின்றான். கொஞ்சம் கூனல், நரைத்த தாடி, தலையில் வெள்ளைத் தொப்பி. கிடைத்த முகங்களுக்குள் தேடித் தேடிச் செய்திருக்க வேண்டும். அந்த மூக்கு எனக்குத் தெரியும். தலைக்கு மேல் பெயர் மிதந்தது: ஹமீது.

"எப்ப வந்தீங்க மச்சான்?" என்று எழுத்து விழுந்தது. "சாயா குடிச்சீங்களா?"

மச்சான் அப்படித்தான் கேட்பார். பதில் சொல்லுமுன் ஊற்றியும் விடுவார். முற்றத்தில் வெயில் எரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இறந்தவர் ஒருவரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ராத்தா," என்று எழுதினேன். "பரீதா ராத்தா, நான் தம்பி."

"அவ உள்ளுக்கு ஈக்கிறா," என்றார் மச்சான். "கூப்பிட்டா வரமாட்டா."

அன்று வந்து, ஏசி, அனுப்பிவிட ஒரு திரேசா இருந்தார். இம்முறை அந்த விதவையும் ராத்தாதான், எடுத்த ஆளைப் பிடித்துக்கொண்டிருப்பதும் ராத்தாதான். யாரிடம் போய் முறையிடுவது? வெளியேறும் பொத்தான் திரையின் மூலையில் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அது என்னை மட்டும்தான் வெளியேற்றும். ராத்தாவின் மகனைக் கூப்பிட்டு அந்தக் கணினிப் பெட்டியைப் பறிக்கச் சொல்லலாம். பறித்தால் திரும்பவும் "ம்" மட்டும்தான் மிஞ்சும். இத்தனை நடைமுறை தெரிந்த எனக்கு இதற்கு ஒரு நடைமுறை தெரியவில்லை. ஆகவே, மச்சானை எங்கே கண்டாலும் கேட்பதையே கேட்டேன்.

"ராத்தா எப்பிடி இருக்கிறா மச்சான்?"

சத்தமில்லாத கடல் வந்து வந்து போனது.

"நல்லா இல்ல மச்சான். பிள்ளைகளுக்கு விளங்காது. சோத்தைப் போட்டுக்கொண்டு போய்க் குப்பையில கொட்டுறா. பைப்பைத் திறந்துவிட்டுட்டு அழுறா. நான் கடைசியா உடுத்த சேட்டை இன்னும் கழுவல. உங்களுக்கிட்டச் சொல்லவேணாம் எண்டவ."

சொல்ல வேண்டாம் என்றவர் யார், சொன்னவர் யார் என்று நான் விசாரணை நடத்தவில்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார்.

போன கிழமை ஆலங்குடாவுக்குப் போய்வந்தேன். வாடிகள் நின்ற வரிசையில் இப்போது உல்லாச விடுதிகள் நிற்கின்றன. எங்களுக்கு வாடிகள் வெறுமையாகிய சோளகம் அவர்களுக்குச் சனம் நிறைகிற பருவம். வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடல்மேல் பறக்கிறார்கள். அந்தக் கரையில் இனி ஒரு பிள்ளைக்கும் எடுக்க ஆள் இல்லை. ஒரு வெறும் வீடுகூட மிஞ்சவில்லை.

நான் அஸருக்கு முன் வீடு திரும்பிவிட்டேன். மச்சான் காத்திருப்பார். தொலைபேசியில் ராத்தா இன்னும் "ம்" என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஊரில், விளக்கடியில், தினமும் நான் மவுத்தாகிப்போன மச்சானிடம் என் ராத்தாவின் சுகத்தை விசாரிக்கிறேன். அவர் ஒன்றையும் மறைப்பதில்லை. அவருடைய மகனும், டொக்டரும், நானும் கேட்டு வராத செய்தியெல்லாம் அவரிடமிருந்துதான் வருகிறது. நேற்று நான் உள்ளே போன உடனேயே, ஸலாத்துக்குப் பதில் சொல்லும் முன்பே, எழுத்து விழுந்தது.

"இண்டைக்கு அவ சோறு திண்டா மச்சான்."