லூர்து மாமாவின் முழங்கால்

1957, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் புதன்கிழமை. காலை எட்டரைக்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். புதுச்சேரி அங்கிருந்து இருபத்து மூன்று மைல். நயா பைசா வந்து சில நாட்களே ஆகியிருந்ததால் கண்டக்டரும் பயணிகளும் பாதி வழி வரை சில்லறைக்காகச் சண்டை போட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை பிரெஞ்சுக்காரர் எல்லைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி மூட்டைகளைக் குடைவார்கள். இப்போது சாவடியில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ஆனாலும் பேருந்து அங்கே போனதும் தானாக வேகம் குறைந்தது.

"டிரைவருக்கு இன்னும் அந்த பயம் போவல சார்" என்றார் கண்டக்டர்.

பத்தே கால் மணிக்கு இறங்கினேன். பெரிய மார்க்கெட்டில் அக்காவுக்குக் கொஞ்சம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஆரோக்கியம் அக்காவின் கணவர் லூர்துசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனில் வலது முழங்காலில் குண்டுச்சிதறல் பாய்ந்து, பென்சனோடு திரும்பியவர். தெருவில் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' (ஐயா) என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மாமா.

நான் போனபோது மாமா கிணற்றடியில் உட்கார்ந்து வலது காலைச் செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாளை பெரிய வியாழன். ஏசுநாதர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகக் கோயிலில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிருவரில் ஒருவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, அந்த இடம் மாமாவுக்குக் கிடைத்திருந்தது. ஊர் திரும்பி ஏழு வருடமாக அவர் காத்திருந்த மரியாதை அது.

"இடது கால் என்ன பாவம் பண்ணுச்சு மாமா?" என்றேன்.

"சாமியார் வலது காலத்தான் கழுவுவாரு மச்சான்" என்றார். கழுவப்போகிற கால் முன்கூட்டியே பளபளப்பது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாலையில் அதற்கு சென்ட் வேறு போட்டுப் பார்த்தார்.

இரவு ஏழரைக்குக் குடும்ப ஜெபம். வீட்டுப் பீடத்தின் முன் அக்கா முழந்தாளிட்டாள், நானும் இட்டேன். மாமா பின்னால் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து ஜெபமாலையை நடத்தினார். நடத்தினார் என்பது சரியான சொல்தான். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை யாராவது மெதுவாகச் சொன்னால், "சத்தமா!" என்று அதட்டல் வரும். பட்டாளம் போயும் பரேடு போகவில்லை.

பிறகு அடுப்படியில் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கால் மடங்கலையாம். செருப்பு கட்டிலுக்கு அடியில போனா மட்டும் எப்படி மடங்குது? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் கேக்கறது ஒண்ணுதான் தம்பி. இந்த மனுஷன் என் பக்கத்துல ஒரு நாள் முட்டி போட்டு ஜெபம் சொல்லணும். மாதாகிட்ட வேற எதுவும் நான் கேக்கல."

வியாழன், மாலை ஐந்தரை. முன்பெல்லாம் காலையில் நடந்த பூசையை இப்போது மாலைக்கு மாற்றியிருக்கிறார்கள். கோயில் நிறைந்திருந்தது. சாமியார் பூசை உடுப்பு மாட்டும் சக்கிறீஸ்து அறையில் மட்டும் ஒரே குழப்பம். நாற்காலிகள் பன்னிரண்டு, ஆட்கள் பதின்மூன்று! காமாலைக்காரரின் இடத்துக்குச் சாமியார் மாமாவைச் சொல்லியிருக்க, அது தெரியாமல், கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் ரெட்டியார்பாளையத்துச் சவரிராயனையும் வரச் சொல்லிவிட்டார். சவரிராயன் பஞ்சாலையில் வேலை போன பிறகு பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார். அவர் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசைத் தரையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பூசைக்கு நேரமாச்சு, உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க" என்று சாமியார் உடுப்பு மாட்டப் போய்விட்டார்.

தாழ்மையைக் காட்டும் சடங்குக்கு யார் உட்காருவது என்று ஒரு தகராறு. சீடர்களே தங்களில் யார் பெரியவன் என்று சண்டை போட்டவர்கள்தானே! மாமா மார்பில் தொங்கிய மெடலைத் தொட்டுக் காட்டினார். "முதல்ல எனக்குத்தான் சொன்னாங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

சவரிராயன் ஒரு கணம் கோயில் பக்கம் பார்த்தார். "நீங்க உக்காருங்க முசே" என்றார். உபதேசியார் கூச்சத்தோடு அவர் கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, தண்ணீர் பிடிக்கச் சொன்னார்.

சாமியார் ஒவ்வொருவரிடமாக வந்தார். ஒவ்வொரு நாற்காலியின் முன்னும் சவரிராயன் முழந்தாளிட்டுத் தாம்பாளத்தைப் பாதத்தின் கீழே நீட்டினார். மாமாவின் முறை வந்தது. மினுக்கிய பாதத்தில் தண்ணீர் விழுந்தது. சாமியார் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். மாமா சாமியாரைப் பார்க்கவில்லை. கீழே குனிந்திருந்த சவரிராயனின் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் சவரிராயனின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பாதம் கழுவப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு ரொட்டி தருவது அந்தக் கோயில் வழக்கம். மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். யாரையும் தொட விடவில்லை. அன்று ஜெபத்தில் "சத்தமா!" வரவில்லை.

பெரிய வெள்ளி. கோயில் மணிகள் மௌனம். மரக்கட்டையைத் தட்டித்தான் கோயிலுக்கு அழைத்தார்கள். சடங்குகள் முடிந்து மாலை ஆறு மணிக்கு மாமா ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"வர்றியா மச்சான்? ரெட்டியார்பாளையம் வரைக்கும்."

விழுப்புரம் சாலையில் இரண்டு மைலுக்கும் மேல். ரிக்சா கூப்பிடலாம் என்றேன். "இன்னிக்கு வண்டி ஏறக்கூடாது" என்று நொண்டி நொண்டி நடந்தார்.

ஓலை வேய்ந்த ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. சவரிராயன் குடும்பம் மண் தரையில் முழந்தாளிட்டு, ஏசுநாதரின் ஐந்து காயங்களுக்கான ஐந்து காய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு காயத்துக்குத் தொடங்க, அடுத்ததை மூத்த மகள் தொடங்கினாள். யாரும் யாரையும் அதட்டவில்லை. எங்களைப் பார்த்தும் ஜெபத்தை நிறுத்தவில்லை. அந்த வீட்டில் நாற்காலியே கிடையாது.

மாமா வாசலில் நின்றார். நிலையைப் பிடித்தார். முதலில் இடது கால் மடங்கியது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது. நெற்றியில் வியர்வை அரும்பியது. கட்டிலுக்கடியில் செருப்பு தேடுவது வேறு, ஐந்து காயம் முடியும்வரை மண் தரையில் முழந்தாளில் நிற்பது வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலி உண்மைதான்.

முடிந்ததும் சவரிராயன் பதறி ஓடிவந்தார். "முசே! சொல்லியிருந்தா ஒரு பாயாவது போட்டிருப்பேனே!" ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

"நேத்து நீ என் கால்கிட்ட குனிஞ்சப்பவே நான் எழுந்திருக்கணும். எழுந்திருக்கல. மன்னிச்சுடு" என்று மாமா ரொட்டியை நீட்டினார்.

"உக்காந்தா ஒரு கால்தான் கழுவுவாங்க முசே. தாம்பாளம் புடிச்சதுல பன்னெண்டு பேர் கால் பக்கத்துலயும் எனக்கு எடம் கெடச்சுது" என்று சிரித்தார் அவர். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்காரிக்குத்தான் மனசு கஷ்டமாயிடுச்சு. அவ கையில குடுங்க."

மாமா கொடுத்தார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில், "அக்காகிட்ட சொல்லாத" என்றார் மாமா.

சனி, காலை எட்டு மணி. ஈஸ்டருக்கு என் ஊர்ப் பங்குக் கோயிலில் இருக்க வேண்டும் என்று கிளம்பினேன். அக்கா வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்றால் எனக்கு வயிறு உப்பிவிடும். சொல்லிவிட்டேன்.

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். இலையை மடித்த கை அப்படியே நின்றது.

"ரொம்ப வலிச்சுதாடா அவருக்கு?" என்றாள்.

"தூக்கித்தான் விட்டோம் அக்கா."

"அதான் ராத்திரி எண்ணெ காய்ச்சச் சொன்னாரா! பாவம்." கண் நிறைந்து வழிந்தது. பிறகு அக்கா உள்ளே போய்ப் பழைய கம்பளி ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, பீடத்தின் முன் தான் முழந்தாளிடும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டாள். நாற்காலியை நகர்த்தவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள்.

ஒன்பதரைப் பேருந்தில் ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டிலும் ஜெபம் ஏழரைக்குத்தான். அன்று இரவு முழந்தாளிட்டபோது, எனக்கென்று வைத்திருந்த வேண்டுதல்கள் எல்லாம் மறந்து போயின. ஆண்டவரே, இந்நேரம் புதுச்சேரியில் ஒரு கால் மடங்கிக்கொண்டிருந்தால், அதற்கு ரொம்ப வலிக்காமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன்.