ஹாஃப் கிளட்சில் ஒரு கல்யாணம்

என் கணவர் நல்ல டிரைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவருடைய தங்கைகள் என்னைப் பிய்த்துத் தின்றுவிடுவார்கள். வளைகுடாவில் ஏசி மாட்டுகிற கம்பெனியின் வண்டியை வருஷக்கணக்காக ஓட்டுகிறவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அங்கே அவர் ஓட்டுவதெல்லாம் கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு அந்த ஊரில் வேலையே கிடையாது. லீவுக்கு வந்து என் காரில் ஏறினால், அந்தக் கால் சும்மா இருக்கத் தெரியாமல் கிளட்ச் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அருமனையிலிருந்து தக்கலைக்கு நான் தினமும் வேலைக்குப் போகிற கார் அது. ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் பக்கத்து ரோடு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறும், இறங்கும், வளையும். சமதளம் என்பது பேருக்குத்தான். ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் ஹேண்ட்பிரேக் போட்டுவிடுவேன். முன்னால் பஸ் நின்று ஆள் ஏற்றினால் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவேன். கியர் விழுந்த பிறகு கால் அந்தப் பக்கமே போகாது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அவர் வழி வேறு. ஏற்றத்தில் பிரேக்கைத் தொடவே மாட்டார். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, வண்டியை அப்படியே பிடித்து வைத்திருப்பார். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதை ஒரு சாமர்த்தியமாக நினைத்து என்னைத் திரும்பி வேறு பார்ப்பார். உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்து வெந்துகொண்டிருக்கும்.

போன லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய வாரத்திலேயே கிளட்ச் போயிற்று. ஒர்க்ஷாப்பில் வண்டியைக் கழற்றிப் போட்டிருந்தபோது மச்சினன், அவருடைய தம்பி, வந்து பார்த்துவிட்டு, “பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்” என்றான். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ. “ஒனக்க அண்ணனுக்க காலப் போய்க் கேளு” என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கே போனில் அவரிடமும் சொன்னேன். “ஏட்டி, நான் எத்தன காலமா வண்டி ஓட்டுதேன், எனக்கு நீ சொல்லித் தாறியா?” என்று சிரித்தார். அவர் சிரித்தால் எனக்கு இன்னும் எரியும்.

அடுத்து அவர் வந்தது மகள் கல்யாணத்துக்கு. நிச்சயம் ஆன நாளிலிருந்து போனில் ஒரே பேச்சுதான். “மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்போல செய்யுங்க. மண்டபத்துக்கு அவள கார்ல வச்சு நாந்தான் ஓட்டிட்டுப் போவேன். அது மட்டும் எனக்கு வேணும்.” அவள் பிறந்தபோது அவர் இங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இல்லை. அவள் பட்டம் வாங்கியதைப் போனில்தான் பார்த்தார். இப்படிப்பட்ட மனுஷன் ஒன்றே ஒன்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வரவில்லை.

கல்யாணத்தன்றைக்கு அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து மண்டபம் வரைக்கும் காருக்கு முன்னால் சிங்காரி மேளம். அது மச்சினனின் ஏற்பாடு. மேளம் இல்லாத கல்யாணத்தை இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் கல்யாணமாகவே மதிப்பதில்லை. மேளக்காரர்கள் நாலடி நடப்பார்கள், நின்று கொட்டுவார்கள், சொந்தக்காரப் பயல்கள் ஆடுவார்கள், மறுபடி நாலடி. பெண்ணின் கார் மேளத்தை ஒட்டியே போக வேண்டும். இடைவெளி விட்டால் பெண்ணுக்கு மரியாதைக் குறைச்சல். கோயில் இருப்பது பள்ளத்தில், மண்டபம் இருப்பது மேட்டில்.

முன் சீட் முழுக்கத் தாம்பாளமும் பூவுமாக இருந்ததால் நானும் மகளும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் ஓட்டினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏற்றம் தொடங்கியதும் இடது கால் தன் வேலையைக் காட்டியது. மேளம் நிற்கிற இடத்திலெல்லாம் ஹாஃப் கிளட்ச். இன்ஜின் முனகிக்கொண்டே நின்றது. பாதி ஏற்றத்தில் அந்தக் கருகல் மணம் வந்தது. மல்லிகைப்பூ மணத்தையும் தாண்டி வந்தது. மகள் என் கையைக் கிள்ளினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்த நாளில், இந்த ஆளை, இத்தனை பேர் முன்னால் நான் எப்படி ஏசுவேன்?

அடுத்த தடவை மேளம் நகர்ந்தபோது அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்ஜின் அலறியது, வண்டி ஏறவில்லை. மெல்லப் பின்னால் உருண்டது. பின்னால் பெண்கள் வந்த வேன். “அய்யோ அம்மா!” என்று ஒரு சத்தம். வண்டி இங்கே படுத்துவிட்டால், பெண் நடந்து வந்த கதையை ஊர் அவள் பிள்ளைகள் காலம் வரைக்கும் பேசும். பெண்ணின் அப்பன் ஓட்டித்தான் கெட்டது என்பதையும் சேர்த்துப் பேசும்.

“ஹேண்ட்பிரேக் போடுங்க” என்றேன்.

போட்டார். இன்ஜினை அணைத்தார். வண்டி நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “நீ எடு” என்றார், மெதுவாக.

மச்சினன் ஓடி வந்தான். “மைனியா? இந்தப் பட்டுச்சேலையோடயா? அண்ணே, நான் எடுக்கேன்.”

“ஏலே, இந்த வண்டி அவ சொன்னாத்தான் கேக்கும். நீ மாறி நில்லு” என்றார் அவர்.

இறங்கினேன். கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். முன் சீட்டுத் தாம்பாளங்களை எங்கே எடுத்து வைப்பது? அவர் பின்னால், நான் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வண்டி கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, மச்சினனிடம் சொன்னேன்: “மேளத்த முன்னால போகச் சொல்லு. ஒட்டியெல்லாம் நான் வரமாட்டேன். அவங்க அந்த வளவு வரைக்கும் போவட்டும், பொறவு நான் ஒரே எடுப்பா வருவேன்.” மரியாதை, குறைச்சல் என்று என்னவோ முணுமுணுத்தான். நான் பார்த்த பார்வையில் போய்விட்டான். மேளம் போயிற்று. முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டேன். பிடித்துக்கொண்டது. முனகாமல் வளைவு வரைக்கும் ஏறி, ஹேண்ட்பிரேக் போட்டு, காலை எடுத்தேன். மறுபடியும் மேளம் தூரமாகப் போனது.

காருக்குள் சத்தம் அடங்கியிருந்தது. பின்னால் மகள் பேசினாள்.

“அப்பா, நீங்களும் நானும் இப்பிடிப் பக்கத்துல இருந்து கார்ல போனதே இல்ல, தெரியுமா?”

“ஏன் மக்கா, லீவுக்கு வந்தா தினமும் ஒன்னையக் கூட்டிட்டுச் சுத்தத்தானே செய்யுதேன்?”

“நீங்க ஓட்டுவீங்க. அம்மை முன்னால இருப்பா. நான் பின்னால இருந்து ஒங்க பிடரியத்தான் பாத்துட்டு வருவேன். பொறவு நீங்க போயிருவீங்க.”

கண்ணாடியில் பார்த்தேன். மருதாணி போட்ட அவள் கையை அவர் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்தாள். சாய்ந்தால் தலைப்பூ நசுங்கும். நசுங்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

முன்னால் ரோடு மண்டபம் வரைக்கும் காலியாகிவிட்டது. வேன்காரன் ஹார்ன் அடித்தான். மச்சினன் மேட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். “மைனி, எடுங்க! மேளம் போயாச்சு!”

ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

“கிளட்ச் இன்னும் ஆறல்ல. பொறு!”

கிளட்ச் எப்போதோ ஆறிவிட்டிருந்தது.