விசாலம் தொட்டுக் காட்டிய மரம்

விசாலம் போய்விட்டாள். காலையில் பழைய மாணவர்களின் வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்... டில்லியிலேயே, மகள் வீட்டில், தூக்கத்தில்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் டில்லியில் ஒரு பள்ளியில் நானும் அவளும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் சயின்ஸ், அவள் ஜியாகரபி. லக்ஷ்மிபாய் நகரில் பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ். ஒரே பஸ்... பாதி நாள் ஒரே டிபன் பாக்ஸ்.

ஒருநாள் நான் போர்டில் இலை வரைந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்று சிரித்தாள்.

"ஏட்டி, ஜன்னலுக்கு வெளிய வேப்பமரம் நிக்குது. நீ சாக்பீஸ்ல இலை வரையுத!"

அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ரிட்ஜ் காட்டுக்குக் கூட்டிப் போனோம். ஸ்கூல் டையால் கண்ணைக் கட்டி, ஆளுக்கொரு மரத்தைத் தடவிப் பார்க்க வைப்போம். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, "உன் மரம் எது, கண்டுபிடி" என்போம். டை யோசனை என்னுடையது.

முதலில் நாங்களே கட்டிப் பார்த்தோம். எனக்குக் கிடைத்தது ஒரு புரச மரம். தோள் உயரத்தில், மடக்கிய முழங்கை மாதிரி ஒரு முண்டு. கண்டுபிடித்ததும் குதித்தேன், புடவையோடு.

"சரிட்டி, அது ஒன் மரம். வேற யாரும் தொடமாட்டோம்" என்றாள்.

நான் என்ன டீச்சர் என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது. அடுத்த வருஷம் சுற்றுச்சூழல் வகுப்பு தனியாகத் தொடங்கப் போவதாகவும், அதை எனக்கே தருவதாகவும் பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை... பாறைப் பக்கம் பெரிய தேன்கூடு இருந்தது. "அங்க வேண்டாம் விசாலம்" என்றேன். "கிட்டப் போய்ப் பாத்தாத்தானட்டி பாடம்" என்று தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனாள். தேனீ கொட்டி ஒரு பையனுக்கு முகமே வீங்கி, ஆஸ்பத்திரி வரை போனோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் அப்பா வந்து பள்ளியே அதிரக் கத்தினார். பிரின்சிபால் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார், "அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனது யாரு?"

அவள் சொல்லட்டும் என்று நான் பேசாமல் நின்றேன். சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். அவதான் கேக்கல" என்றாள் விசாலம்.

நான் சொன்னதையே எடுத்து என் மேலே போட்டுவிட்டாள்.

அதன் பிறகு எனக்குக் கணக்கு வகுப்பு. நாலு சுவர். பிரச்சினை ஆறியதும் சுற்றுச்சூழல் வகுப்பு தொடங்கினார்கள்... அதற்கு டீச்சர் விசாலம். நான் வேலையை விட்டேன். வேறு பள்ளியில் நானும் சுற்றுச்சூழல் டீச்சராக ஆனேன், ஆனால் முதலிலிருந்து, தனியாக.

ஒருமுறை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எதிரே வந்தாள். "நல்லா இருக்கியாட்டி?" என்றாள். தன் பையிலிருந்து பாதி கறிவேப்பிலையை ஒடித்து என் பையில் போட்டாள். அன்று பொய் சொன்னதைப் பற்றியும் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். "பஸ் வந்துட்டு, வாரேன்" என்று போய்விட்டாள்.

இன்று குரூப்பில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள்:

"முதல் நாள் விசாலம் மிஸ் எங்க கண்ணை டையால கட்டி, அவங்க மரத்தைத் தொட வைப்பாங்க. முழங்கை மாதிரி ஒரு முண்டு இருக்கும். இது என் மரம், ஒங்களுக்கு வேற தாரேன்னு சொல்லுவாங்க. மிஸ் யூ மிஸ்."

கீழே வரிசையாக ஹார்ட்.

வகுப்பை எடுத்துக்கொண்டாய், சரி. மரத்தையுமா விசாலம்?

போய் வா. அது என் மரம்.